டென்மார்க்கில் குடியேற்ற விவாதம்: 'ஒருங்கிணைந்து வாழுங்கள்' என்றால் எதைக் கேட்கிறார்கள்?

2020 மார்ச்சில் கொரோனா பரவி ஐரோப்பா முழுக்கக் கதவடைத்தபோது, டென்மார்க்கில் வேறெங்கும் இல்லாத ஒரு சிக்கல் எழுந்தது. குடியுரிமைக்கான எல்லாத் தேர்வும் எழுதி முடித்து, நாடாளுமன்றமே பெயரை ஏற்றுக்கொண்ட பிறகும், பலர் டேனிஷ் குடிமக்களாக முடியாமல் காத்திருந்தார்கள். காரணம் ஒரு கைகுலுக்கல். 2019 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி, புதிதாகக் குடியுரிமை பெறுபவர் தன் ஊர் நகராட்சி நடத்தும் விழாவுக்கு நேரில் வரவேண்டும். அரசமைப்புச் சட்டத்தை மதிப்பேன் என்று கையெழுத்திடவேண்டும். அப்புறம் மேயரோடோ அவர் சார்பில் வந்திருப்பவரோடோ, கையுறை இல்லாமல், உள்ளங்கை படக் கைகுலுக்கவேண்டும். யாரும் யாரையும் தொடக்கூடாது என்று அரசே சொல்லிக்கொண்டிருந்த நாட்களில் இது எப்படி நடக்கும்? விழாக்கள் நின்றுபோயின. பிறகுதான் கைகுலுக்கும் நிபந்தனையைத் தற்காலிகமாகத் தளர்த்தினார்கள்.

கைகுலுக்குவதை ஒரு நாடு ஏன் சட்டமாக்க வேண்டும்? ஆதரித்தவர்கள் சொன்னது: ஆணும் பெண்ணும் சமம், இங்கே சந்திப்பவர்கள் கைகுலுக்குவார்கள், இந்த நாட்டின் குடிமகனாக விரும்பும் ஒருவருக்கு இதுகூட முடியாதா? எதிர்த்தவர்கள் சொன்னது: மத நம்பிக்கையால் எதிர்பாலினத்தவரைத் தொடாத சில முஸ்லிம்களைக் குறிவைத்து எழுதிய சட்டம் இது; மரியாதையைக் கட்டளையிட்டு வாங்க முடியாது. விழாவை நடத்த வேண்டிய மேயர்களிலேயே சிலர் இதை வெளிப்படையாக எதிர்த்தார்கள்.

டென்மார்க்கில் நாற்பது ஆண்டுகளாக நடக்கும் விவாதம் முழுவதும் இந்த ஒரு கைகுலுக்கலுக்குள் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள, முதலில் கலந்துகிடக்கும் சில விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒரே பெயரில் மூன்று எதிர்பார்ப்புகள்

குடியேறியவர்கள் 'ஒருங்கிணைய வேண்டும்' என்று டேனிஷ் அரசியல்வாதி ஒருவர் சொன்னால், அவர் எதைச் சொல்கிறார் என்று கவனித்துக் கேட்க வேண்டியிருக்கிறது. சில நேரம் அது வேலையைப் பற்றியது: வேலைக்குப் போ, வரி கட்டு, அரசு உதவித்தொகையை நம்பியிருக்காதே. சில நேரம் மொழியையும் பொதுவாழ்வையும் பற்றியது: டேனிஷ் படி, பிள்ளையைப் பாலர் காப்பகத்துக்கு அனுப்பு, பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்கு வா, ஊர் கால்பந்துக் கழகத்தில் சேர். டென்மார்க்கில் விளையாட்டுக் கழகங்களும் சங்கங்களும் மிகப் பெரிய விஷயம். ஊருக்குப் புதிதாக வந்தவர் நாலு பேரைத் தெரிந்துகொள்வது பெரும்பாலும் அங்கேதான். மூன்றாவது வகை எதிர்பார்ப்பு உள்ளே இருப்பதைப் பற்றியது: என்ன நம்புகிறாய், பெண்ணை எப்படி நடத்துகிறாய், மகள் யாரைக் காதலிக்கலாம், மதத்தைக் கேலி செய்தால் பொறுத்துக்கொள்வாயா.

முதல் இரண்டையும் அளக்கலாம். வேலை இருக்கிறதா, தேர்வில் தேறினாரா என்று பார்த்துவிடலாம். மூன்றாவதை அளப்பது கடினம். அதனால்தான் கைகுலுக்கல், உடை, உணவு போன்ற வெளி அடையாளங்களைப் பிடித்துக்கொண்டு சண்டை நடக்கிறது. 2016 ஜனவரியில் ராண்டர்ஸ் நகரசபை, நகராட்சி நடத்தும் காப்பகங்கள் முதலான இடங்களில் டேனிஷ் உணவு மரபுக்கு இடமிருக்க வேண்டும், பன்றி இறைச்சியும் பரிமாறப்பட வேண்டும் என்று தீர்மானம் போட்டது. யாரையும் கட்டாயமாகச் சாப்பிட வைக்கவில்லை என்று தீர்மானம் கொண்டுவந்தவர்கள் விளக்கினார்கள். ஆனால் குழந்தைகளின் மதிய உணவுத் தட்டு உலகச் செய்தியானது. 2018 ஆகஸ்ட் 1 முதல் பொது இடத்தில் முகத்தை மூடும் உடைக்குத் தடை. முதல் முறை மீறினால் 1000 குரோனர் அபராதம். நாடு முழுவதிலும் அப்படி உடுத்தும் பெண்கள் மிகச் சிலர்தான் என்பது எல்லாருக்கும் தெரிந்தே இருந்தது.

இங்கே இன்னொரு வேறுபாட்டையும் மனதில் வைக்கலாம். தன் மொழியையும் கோயிலையும் பண்டிகையையும் வைத்துக்கொண்டே புதிய நாட்டின் பொதுவாழ்வில் முழுப் பங்கெடுப்பது ஒரு வழி. பழையதை விட்டுவிட்டு முழுக்க டேனிஷ்காரராகவே மாறுவது இன்னொரு வழி. சட்டங்கள் பெரும்பாலும் முதலாவதைத்தான் கேட்பதாகச் சொல்கின்றன. விவாதம் சூடாகும்போது குரல் இரண்டாவதை நோக்கிச் சரிகிறது.

டென்மார்க்கில் ஏன் இவ்வளவு சூடு?

சிறிய நாடு. மக்கள்தொகை சுமார் 60 லட்சம். 1980-ல் வெளிநாட்டிலிருந்து வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் சேர்ந்து 3 சதவீதம். இன்று ஏறத்தாழ ஆறில் ஒருவர். ஒரே மொழி, ஒரே லூத்தரன் திருச்சபை, ஒரே மாதிரிப் பள்ளி என்று தலைமுறைகளாக இருந்த சமூகத்துக்கு இது வேகமான மாற்றம்.

ஆனால் எண்ணிக்கையைவிட முக்கியம், அந்த நாட்டின் சமூகநல அமைப்பு. பல்கலைக்கழகம் வரை இலவசக் கல்வி, இலவச மருத்துவம், படிக்கும் மாணவருக்கு மாத உதவித்தொகை, முதுமையில் ஓய்வூதியம். இதற்கெல்லாம் பணம் உலகத்திலேயே மிக உயர்ந்த வரி விகிதங்களில் ஒன்றிலிருந்து வருகிறது. நம் ஊர்ச் சீட்டைப் போலத்தான். எல்லாரும் தவறாமல் கட்டுவார்கள், யாரும் எடுத்துக்கொண்டு ஓடமாட்டார்கள் என்ற நம்பிக்கை இருக்கும்வரை நடக்கும். புதிதாக வருபவர்கள் நீண்ட காலம் வேலையில்லாமல் இருந்தால் சீட்டு நிலைக்குமா என்பதுதான் டேனிஷ் வாக்காளரின் பயம். டேனிஷ் நிதி அமைச்சகம் 'மேற்கத்தியமல்லாத' நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கான அரசுச் செலவையும் அவர்கள் கட்டும் வரியையும் கழித்துப் பார்த்து, பில்லியன் கணக்கான குரோனர் பற்றாக்குறை என்று அறிக்கைகள் வெளியிட்டிருக்கிறது. குறிப்பாக அந்நாடுகளிலிருந்து வந்த பெண்களிடையே வேலையில் இருப்போர் விகிதம் டேனிஷ் பெண்களைவிடத் தெளிவாகக் குறைவு. இது இட்டுக்கட்டிய பயம் அல்ல. இதை வெறும் இனவெறி என்று ஒதுக்கினால் விவாதத்தில் பாதி புரியாமலே போய்விடும்.

அதே சமயம், 'மேற்கத்தியர்', 'மேற்கத்தியர் அல்லாதவர்' என்று மனிதர்களைப் பிரிக்கும் இந்தப் புள்ளிவிவர வகை பிறகு சட்டத்துக்குள்ளும் நுழைந்தது. டென்மார்க்கிலேயே பிறந்து, டேனிஷ் மட்டுமே சரளமாகப் பேசும் ஒருவரும் பெற்றோரின் பிறப்பிடத்தைப் பொறுத்து அந்த இரண்டாவது வகைக்குள் கணக்கிடப்படலாம்.

தமிழர்களால் கவிழ்ந்த அரசு

1960-களின் பிற்பகுதியில் துருக்கி, யூகோஸ்லாவியா, பாகிஸ்தானிலிருந்து தொழிலாளர்கள் வந்தார்கள். ஆலைகளுக்கு ஆள் தேவைப்பட்டது. 1973 நவம்பரில் அந்த வழி மூடப்பட்டது. ஆனால் வந்தவர்கள் திரும்பிப் போகவில்லை, குடும்பங்கள் வந்து சேர்ந்தன. 1983-ல் ஒரு புதிய வெளிநாட்டினர் சட்டம் வந்தது. அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவருக்குத் தன் மனைவியையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொள்ளும் உரிமையை அது சட்டப்படியே கொடுத்தது. ஐரோப்பாவின் மிகத் தாராளமான சட்டங்களில் ஒன்று என்று அப்போது பேசப்பட்டது.

அந்தச் சட்டத்துக்கு முதல் பெரிய சோதனையாக வந்தவர்களில் இலங்கைத் தமிழர்களும் இருந்தார்கள். 1983 கலவரத்துக்குப் பிறகு, குறிப்பாக 80-களின் நடுவில், இளைஞர்கள் தஞ்சம் கேட்டு வந்தார்கள். அகதிகளை நாடு முழுக்கப் பரப்பிக் குடியமர்த்தும் கொள்கை இருந்ததால், யூட்லாண்ட் தீபகற்பத்தின் சிறு ஊர்களில் தமிழர்கள் குடியேறினார்கள். மனைவி மக்கள் இலங்கையில் போருக்குள் இருந்தார்கள். விண்ணப்பம் போட்டார்கள்.

பதில் வரவில்லை.

1987-ல், அப்போதைய நீதி அமைச்சர் எரிக் நின்-ஹான்சன், தமிழர்களின் குடும்ப இணைவு விண்ணப்பங்களை அடுக்கின் அடியில் போட்டுவைக்கும்படி அதிகாரிகளுக்குச் சொன்னார். அந்த ஆண்டு ஜூலையில் இந்திய - இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது. அமைதி வந்துவிட்டது, இவர்கள் விரைவில் திரும்பிவிடலாம், பிறகு குடும்பத்தை எதற்கு அழைக்க வேண்டும் என்பது அதன் பின்னிருந்த எண்ணம். அதே ஆண்டு அக்டோபரில் யாழ்ப்பாணத்தில் இந்திய அமைதிப்படைக்கும் புலிகளுக்கும் இடையே போர் வெடித்தது நமக்குத் தெரியும். கோபன்ஹேகனில் கோப்புகள் அசையவில்லை.

சட்டம் உரிமை கொடுத்திருக்கிறது. சட்டத்தை மாற்றாமல், நாடாளுமன்றத்துக்குச் சொல்லாமல், ஒரு அமைச்சர் அதை முடக்கிவைத்தார். விஷயம் வெளியே வந்தபோது, 1989-ல் பிரதமர் போல் ஷ்லூட்டர் நாடாளுமன்றத்தில் எழுந்து, எதையும் கம்பளத்துக்கு அடியில் கூட்டித் தள்ளவில்லை என்று சொன்னார். பிறகு விசாரணை ஆணையம் அமைந்தது. உச்ச நீதிமன்ற நீதிபதி மோகென்ஸ் ஹோர்ன்ஸ்லெட் தலைமையிலான அந்த ஆணையம் 1993 ஜனவரி 14 அன்று சுமார் 6000 பக்க அறிக்கையைக் கொடுத்தது. பத்தாண்டுகளுக்கும் மேலாகப் பிரதமராக இருந்த ஷ்லூட்டர் பதவி விலகினார். நின்-ஹான்சன் மீது, அமைச்சர்களை விசாரிப்பதற்கென்றே உள்ள தனி நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. 1910-க்குப் பிறகு அந்த நீதிமன்றம் கூடியது அப்போதுதான். 1995-ல் அவருக்கு நான்கு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது, நிறுத்திவைக்கப்பட்ட தண்டனையாக.

டேனிஷ் வரலாற்றில் இதற்கு 'தமிழர் வழக்கு' என்றே பெயர். பள்ளிப் பிள்ளைகள்கூடக் கேள்விப்பட்டிருப்பார்கள். சில ஆயிரம் அகதிகளின் குடும்பங்களுக்காக ஒரு அரசு கவிழ்ந்தது என்பதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. அந்தக் குடும்பங்கள் இழந்த ஆண்டுகள் திரும்பவில்லை. இதை இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம், இந்த விவாதத்தின் எல்லைக்கோடு எங்கே இருக்கிறது என்பதை இது காட்டுகிறது. குடியேற்றத்தைக் கடுமையாகக் கட்டுப்படுத்த வேண்டும் என்று வாதிடலாம், அப்படிச் சட்டமும் போடலாம். இருக்கிற சட்டத்தை ஒரு குழுவுக்கு மட்டும் மறுக்க முடியாது.

சட்டத்தின் மேல் சட்டம்

1999-ல் டென்மார்க் தனியாக ஒரு ஒருங்கிணைப்புச் சட்டத்தையே நடைமுறைப்படுத்தியது. மூன்றாண்டுத் திட்டம், மொழி வகுப்பு, பொறுப்பு நகராட்சிகளுடையது. நல்ல எண்ணத்தில் தொடங்கியதுதான். ஆனால் அரசியல் காற்று ஏற்கெனவே மாறியிருந்தது. பியா கியார்ஸ்கோர் 1995-ல் தொடங்கிய டேனிஷ் மக்கள் கட்சி 2001 தேர்தலில் 12 சதவீத வாக்கு வாங்கியது. அதன் ஆதரவில் ஆட்சிக்கு வந்த வலதுசாரி அரசு மறு ஆண்டே '24 வயது விதி'யைக் கொண்டுவந்தது. வெளிநாட்டிலிருந்து துணையை அழைத்துவர இருவருக்கும் 24 வயது முடிந்திருக்க வேண்டும். கட்டாயத் திருமணங்களைத் தடுக்க என்று காரணம் சொன்னார்கள். அந்தப் பிரச்சினை உண்மையானதுதான். ஆனால் காதலித்து மணந்த இளம் டேனிஷ்காரர்களும் அதில் மாட்டிக்கொண்டார்கள். 2000-த்தில் திறந்த ஓரசுந்த் பாலத்தைக் கடந்து, ஸ்வீடனின் மால்மோவில் வாடகை வீடு எடுத்து, தினமும் ரயிலில் கோபன்ஹேகனுக்கு வேலைக்கு வந்துபோன தம்பதிகள் உருவானார்கள்.

2005 செப்டம்பர் 30 அன்று யூலான்ஸ்-போஸ்டன் நாளிதழ் வெளியிட்ட முகமது நபி கேலிச்சித்திரங்களும், அடுத்த ஆண்டு டமாஸ்கஸிலும் பெய்ரூட்டிலும் டேனிஷ் தூதரகங்கள் எரிந்ததும் எல்லாருக்கும் தெரிந்த கதை. அது விவாதத்தின் மையத்தை வேலையிலிருந்து மதத்துக்கு நகர்த்தியது. அதற்குமேல் இங்கே அதை விரிக்கத் தேவையில்லை.

உதவித்தொகையைக் குறைப்பதும் ஒரு வழியாகப் பலமுறை முயன்று பார்க்கப்பட்டது. புதிதாக வந்த அகதிகளுக்கு 2002-ல் தொகையைக் குறைத்தார்கள். வேலைக்குப் போகத் தூண்டும் என்பது கணக்கு. பின்னாளில் ராக்வூல் அறக்கட்டளையின் ஆய்வு அதன் விளைவுகளைப் பின்தொடர்ந்து பார்த்தது. தொடக்கத்தில் வேலைக்குப் போனவர்கள் கூடினார்கள். அந்த விளைவு நாளடைவில் மங்கியது. சிறு திருட்டுகள் கூடின. பிள்ளைகளின் படிப்பிலும் பாதிப்பு தெரிந்தது. இதற்கிடையே 2015-ல் தொகை மீண்டும் குறைக்கப்பட்டது.

'இணைச் சமூகங்கள்'

இன்று டென்மார்க் பற்றி உலகம் அதிகம் பேசுவது ஒரு குறிப்பிட்ட சட்டத் தொகுப்பைத்தான். 2010-ல் அரசு 'கெட்டோ' (ஒதுங்கிக் கிடக்கும் ஏழைக் குடியிருப்பு) பட்டியல் வெளியிடத் தொடங்கியது. 2018-ல் அந்தப் பட்டியலுக்குப் பல் முளைத்தது. எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

குறைந்த வாடகைப் பொதுக் குடியிருப்பு ஒன்று. ஆயிரம் பேருக்கு மேல் வசிக்கிறார்கள். வேலையின்மை, குற்றத் தண்டனைகள், கல்வி, வருமானம் என்று நான்கு அளவுகோல்கள். அவற்றில் இரண்டில் மோசமாக இருந்தால் அது 'பாதிப்புக்குள்ளான பகுதி'. இதுவரை சரி, எந்த நாடும் செய்யக்கூடியது. ஆனால் அதோடு, வசிப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் 'மேற்கத்தியமல்லாத' பின்னணியினர் என்றால் அதன் பெயரும் சட்டமும் மாறிவிடுகின்றன. தொடர்ந்து சில ஆண்டுகள் பட்டியலில் இருந்தால், 2030-க்குள் அங்கே பொதுக் குடும்ப வீடுகளின் பங்கை 40 சதவீதத்துக்குக் குறைக்க வேண்டும். இடிக்கலாம், விற்கலாம், வேறு வகை வீடாக மாற்றலாம். குடியிருப்பவர் வாடகை பாக்கி வைத்திருக்க வேண்டியதில்லை, எந்தத் தவறும் செய்திருக்க வேண்டியதில்லை. வேறு வீடு கொடுக்கப்படும்; ஆனால் போக வேண்டும்.

இப்பகுதிகளில் ஒரு வயது நிறைந்த குழந்தை வாரத்துக்கு 25 மணி நேரம் காப்பகத்துக்குப் போக வேண்டும். டேனிஷ் மொழியும் மரபுகளும் விழுமியங்களும் அங்கே பழக்கப்படும். அனுப்பாவிட்டால் குழந்தைகளுக்கான உதவித்தொகை நிறுத்தப்படலாம். வேறு பகுதிகளில் இதே வயதுக் குழந்தையை வீட்டில் வைத்துக்கொள்வது பெற்றோர் விருப்பம். குறிப்பிட்ட குற்றங்களுக்கு இரட்டைத் தண்டனை விதிக்கக்கூடிய மண்டலங்களைக் காவல்துறை அறிவிக்கவும் வழி செய்யப்பட்டது.

ஓடன்ஸ நகரின் வோல்ஸ்மோஸ, ஓர்ஹூஸின் கெல்லரூப், கோபன்ஹேகனின் மியோல்னர்பார்க்கன் ஆகியவை இதில் அடிக்கடி அடிபடும் பெயர்கள். இங்கே கும்பல் சண்டைகள் இருந்தன, துப்பாக்கிச் சூடுகள் இருந்தன. பிள்ளைகள் டேனிஷ் தெரியாமலே பள்ளிக்கு வந்தார்கள் என்று ஆசிரியர்கள் சொன்னார்கள். 'கலந்து வாழ வைத்தால் அடுத்த தலைமுறை மேலேறும்' என்ற அரசின் வாதத்தில் பொருள் இருக்கிறது. ஆனால் வீடு இழப்பவர் யார் என்பதை அவர் பெற்றோர் பிறந்த நாட்டைச் சேர்த்துக் கணக்கிட்டு முடிவு செய்வதை என்னால் ஏற்க முடியவில்லை. மியோல்னர்பார்க்கன் வாசிகள் வழக்குப் போட்டார்கள். அது ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் வரை போயிற்று. இது இனப் பின்னணியின் அடிப்படையிலான நேரடிப் பாகுபாடு என்று 2025 பிப்ரவரியில் அந்நீதிமன்றத்தின் அட்வகேட் ஜெனரல், அதாவது தீர்ப்புக்கு முன் நீதிபதிகளுக்குக் கருத்துச் சொல்லும் சட்ட அதிகாரி, கருத்துரை கொடுத்தார். 2021-லேயே 'கெட்டோ' என்ற சொல்லைச் சட்டத்திலிருந்து எடுத்துவிட்டு, பொதுச் சமூகத்தோடு கலக்காமல் தனியே இயங்குவது என்ற பொருளில் 'இணைச் சமூகம்' என்று மாற்றியிருந்தார்கள். பாதிக்கு மேல் என்ற அந்த அளவுகோல் அப்படியே இருக்கிறது.

'ஒருங்கிணைப்பு' கைவிடப்பட்டபோது

2015 செப்டம்பரில் சிரிய அகதிகள் ஜெர்மனியைக் கடந்து வந்து டேனிஷ் நெடுஞ்சாலைகளில் நடந்து போனார்கள். பலர் ஸ்வீடனை நோக்கி. அந்த ஆண்டு டென்மார்க்கில் சுமார் 21,000 பேர் தஞ்சம் கேட்டார்கள். 2016 ஜனவரியில், தஞ்சம் கேட்பவரிடம் 10,000 குரோனருக்கு மேல் மதிப்புள்ள பொருளோ பணமோ இருந்தால் பராமரிப்புச் செலவுக்காகப் பறிமுதல் செய்யலாம் என்று சட்டம் வந்தது. திருமண மோதிரத்துக்கு விலக்கு. பணம் பெரிதாகச் சேரவில்லை. 'இங்கே வராதீர்கள்' என்ற செய்திதான் நோக்கம்.

உண்மையான திருப்பம் 2019 பிப்ரவரியில் வந்தது. இனி அகதிக்குக் கொடுக்கும் அனுமதி தற்காலிகமானது. ஒன்று அல்லது இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். சொந்த நாட்டில் நிலைமை சரியானால் திரும்ப வேண்டும். அகதிகளுக்கான 'ஒருங்கிணைப்புத் திட்டம்' என்ற பெயரையே எடுத்துவிட்டு, 'தன்னிறைவு மற்றும் நாடு திரும்பும் திட்டம்' என்று மாற்றினார்கள். மொழி படி, வேலைக்குப் போ, டேனிஷ் விழுமியங்களை ஏற்றுக்கொள், ஆனால் எந்நேரமும் மூட்டையைக் கட்டத் தயாராக இரு.

இங்கேதான் முழு விவாதத்தின் முரண் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். மனிதர்கள் எதிர்காலம் உள்ள இடத்தில்தான் வேர் விடுவார்கள். அடுத்த ஆண்டு இருப்போமா என்று தெரியாதவர் எந்த நம்பிக்கையில் பல ஆண்டு நர்சிங் படிப்பில் சேருவார்? முதலாளி எந்த நம்பிக்கையில் அவருக்குத் தொழில் கற்றுக்கொடுப்பார்?

இதைச் செய்தது வலதுசாரிகள் மட்டும் என்று நினைத்தால் தவறு. 2019 ஜூனில் ஆட்சிக்கு வந்த சமூக ஜனநாயகக் கட்சியின் மெட்டே ஃபிரெடரிக்சன் இந்தக் கொள்கையைத் தொடர்ந்தார். தஞ்சம் கேட்டு வருவோர் எண்ணிக்கை பூஜ்யமாக வேண்டும் என்பதே தன் இலக்கு என்று 2021-ல் அறிவித்தார். அவருடைய குடியேற்ற அமைச்சராக இருந்த மத்தியாஸ் டெஸ்ஃபாயே, எத்தியோப்பியாவிலிருந்து அகதியாக வந்த ஒருவரின் மகன். அவர்கள் வாதம் இது: குடியேற்றத்தின் சுமை வசதியானவர்களின் தெருவில் இறங்குவதில்லை, தொழிலாளர்களின் குடியிருப்பிலும் அவர்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளியிலும்தான் இறங்குகிறது, இடதுசாரிகள் இதைப் பேசாவிட்டால் வாக்காளர்கள் போய்விடுவார்கள். தேர்தல் கணக்கில் அது பலித்தது. 2015-ல் 21 சதவீதம் வாங்கிய டேனிஷ் மக்கள் கட்சி 2022-ல் 3 சதவீதத்துக்கும் கீழே போனது. 2025-ல் பிரிட்டனின் லேபர் அரசு டென்மார்க்கைப் பார்த்துப் பாடம் படித்ததும் இதனால்தான்.

ஆனால் அந்தக் கட்சியின் கருத்துகள் மறையவில்லை, மற்றக் கட்சிகளுக்கு இடம் மாறின. இங்கர் ஸ்டொய்பெர்க் கதையும் அதைக் காட்டுகிறது. 2016-ல் குடியேற்ற அமைச்சராக இருந்த அவர், தஞ்சம் கேட்டு வந்த தம்பதிகளில் ஒருவர் 18 வயதுக்குக் கீழ் இருந்தால், தனித்தனியாக ஆராயாமல் எல்லாரையும் பிரித்து வைக்க உத்தரவிட்டார். சிறுமிகளைக் காப்பதே நோக்கம் என்றார். ஒவ்வொரு வழக்கையும் தனியாகப் பார்க்கச் சட்டம் கோரியது. 2021 டிசம்பரில், நின்-ஹான்சனை விசாரித்த அதே தனி நீதிமன்றம், 26 நீதிபதிகளில் 25 பேர் ஒப்புதலோடு அவரைக் குற்றவாளி என்றது. 60 நாள் சிறை. நூறாண்டுக்கு மேலாக அந்த நீதிமன்றம் தண்டித்த இரு அமைச்சர்களும் அகதிகள் விஷயத்தில் சட்டம் மீறியவர்கள். ஸ்டொய்பெர்க் நாடாளுமன்றப் பதவியை இழந்தார். மறு ஆண்டு புதிய கட்சி தொடங்கி, 14 இடங்களோடு திரும்பினார்.

யார் தேறினார்கள், எப்படி?

இன்று டென்மார்க்கில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட இலங்கைத் தமிழர்கள் இருக்கிறார்கள். ஹெர்னிங் நகரில் பிள்ளையார் கோயில் இருக்கிறது, பிராண்டவில் அபிராமி கோயில் இருக்கிறது. முதல் தலைமுறை தொழிற்சாலைகளிலும் துப்புரவு வேலைகளிலும் உழைத்தது. அடுத்த தலைமுறை மருத்துவர்களாகவும் பொறியாளர்களாகவும் வந்தது. இலங்கை வம்சாவளியினரை நன்றாக ஒருங்கிணைந்தவர்கள் என்று டேனிஷ் அரசியல்வாதிகளே உதாரணம் காட்டுவார்கள். இதைத் தமிழர்களின் தனிச் சிறப்பாகச் சொல்லும் பேச்சு நம்மிடையே உண்டு. படிப்பில் நமக்குள்ள பிடிவாதம் உதவியது உண்மைதான். ஆனால் 1987-ல் இதே மனிதர்கள்தான் 'விரைவில் திரும்பிவிடுவார்கள்' என்று எழுதிவைக்கப்பட்டவர்கள். சட்டம் வென்றதால் குடும்பம் வந்தது. குடும்பம் வந்ததால் வீடு, பள்ளி, கோயில் எல்லாம் வந்தன. நிரந்தர வதிவிட அனுமதி அப்போது இன்றைவிட எளிதாகக் கிடைத்தது.

இன்று அந்தப் பாதை மிக நீளம். டென்மார்க்கில் பிறந்தால் மட்டும் குடியுரிமை வராது. வெளியிலிருந்து வந்தவருக்குப் பொதுவாக ஒன்பது ஆண்டு வாசம், கடினமான மொழித்தேர்வு, 45 கேள்விகள் கொண்ட குடியுரிமைத் தேர்வு. அதில் டேனிஷ் விழுமியங்கள் பற்றிய ஐந்து கேள்விகளில் நான்கு சரியாக இருக்க வேண்டும். எல்லாம் முடிந்தபின் நாடாளுமன்றம் பெயர்ப்பட்டியலைச் சட்டமாக நிறைவேற்ற வேண்டும். 2022-ல் உக்ரைனியர்கள் வந்தபோது தனிச் சட்டம் போட்டு, தஞ்ச நடைமுறையின் காத்திருப்பு இல்லாமல் வேலைக்குப் போக வழி செய்தார்கள். அவர்கள் வேகமாக வேலைக்கும் போனார்கள். வாசல் திறந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அது நல்ல சான்று. பறிமுதல் சட்டம் அவர்களுக்கு மட்டும் ஏன் பொருந்தவில்லை என்று சிரியர்கள் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது.

டமாஸ்கஸ் பகுதி பாதுகாப்பானது என்று முடிவு செய்து, 2019-க்குப் பிறகு சிரியர்கள் சிலரின் அனுமதியை டென்மார்க் ரத்து செய்யத் தொடங்கியது. கட்டாய ராணுவச் சேவை அச்சம் இருந்ததால் இளைஞர்கள் தப்பினார்கள்; பெண்களும் முதியவர்களும் அதிகம் மாட்டினார்கள். அசாத் அரசோடு தொடர்பு இல்லாததால் கட்டாயமாக அனுப்பவும் முடியவில்லை. அனுமதி இழந்தவர்கள், வேலை செய்யும் உரிமையின்றி, யூட்லாண்டில் முன்பு சிறையாக இருந்த ஷேர்ஸ்ஹோவெட்கோர் போன்ற வெளியேற்ற முகாம்களில் தங்க வேண்டியிருந்தது. பள்ளி இறுதி ஆண்டில் இருந்த சிரியப் பெண்களுக்காக டேனிஷ் மாணவர்கள் போராடினார்கள், சில ரத்துகள் மேல்முறையீட்டில் மாறின. 2024 டிசம்பரில் அசாத் ஆட்சி விழுந்ததும் சிரியர்களின் தஞ்ச வழக்குகளை டென்மார்க் நிறுத்திவைத்தது. 2014-லும் 2015-லும் குழந்தைகளாக வந்தவர்கள் இப்போது டேனிஷ் மொழியில் படித்து முடித்து, வேலைக்குப் போய், வரியும் கட்டுகிறார்கள். அவர்களில் பலருடைய அட்டையில் இன்னும் 'தற்காலிகம்' என்றுதான் இருக்கிறது.